மெடிகேர் பார்ட் டி மருந்துக் காப்பீட்டை நிறுத்தலாமா? நிறுத்துவதானால் எப்படி?

"ரெண்டே மாத்திரைதான் சாப்பிடறேன். அதையும் ஊருக்குப் போறப்போ வாங்கிட்டு வந்துடறேன். இதுக்கு எதுக்குப்பா மாசாமாசம் பணம்?"

அமெரிக்காவில் பிள்ளைகளோடு வந்து தங்கிவிட்ட பெற்றோர் இருக்கும் வீடுகளில் அக்டோபர் பிறந்தால் இந்தக் கேள்வி வந்துவிடும். மெடிகேர் என்பது பெரும்பாலும் 65 வயது தாண்டியவர்களுக்கான அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடு, அதில் மருந்துக்கான பகுதிதான் பார்ட் டி. எங்கள் வீட்டிலும் வந்தது. அப்பாவுக்கு அப்போது 72 வயது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், பிரஷருக்கு ஆம்லோடிபின், அவ்வளவுதான். இரண்டும் மலிவான ஜெனரிக் மாத்திரைகள். அவர் சொன்ன கணக்கில் தப்பே இல்லை என்றுதான் எனக்கும் தோன்றியது, போன் எடுத்து நிறுத்தச் சொல்லிவிடலாம் என்றுகூட இருந்தேன். அதற்கு முன் ஒரு முறை விதிகளைப் படித்துவிடலாம் என்று உட்கார்ந்ததில் மனம் மாறிவிட்டது. அடுத்த வருடமே அப்பாவுக்கு இதயத் துடிப்பு ஒழுங்கில்லை என்று கண்டுபிடித்து, ரத்தம் உறையாமல் இருக்க எலிக்விஸ் எழுதிக் கொடுத்தார்கள். அன்றைக்குக் காப்பீடு கையில் இருந்தது.

அதனால் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்ட் டி செலவு அதிகம் என்று தோன்றுகிற பெரும்பாலானவர்களுக்குத் தேவை, மலிவான பிளானுக்கு மாறுவதுதான். நிறுத்துவது வேறு விஷயம். அதே தரத்தில் இன்னொரு மருந்துக் காப்பீடு கையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் அது சரி வரும். ஏன் அப்படிச் சொல்கிறேன், நீங்கள் எந்தப் பக்கம் என்று எப்படித் தெரிந்துகொள்வது, உண்மையிலேயே நிறுத்த வேண்டியிருந்தால் எந்த வரிசையில் செய்வது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில், உங்களிடம் இருப்பது எது?

மருந்துக் காப்பீடு இரண்டு விதமாக வரும். ஒன்று, அரசு நடத்தும் ஒரிஜினல் மெடிகேரோடு (ஆஸ்பத்திரிக்குப் பார்ட் ஏ, டாக்டருக்குப் பார்ட் பி) தனியாக ஒரு கம்பெனியிடம் வாங்கும் பார்ட் டி பிளான். இதற்குத் தனி அட்டை இருக்கும். இன்னொன்று, மெடிகேர் அட்வான்டேஜ் என்கிற பார்ட் சி. அதில் டாக்டர், ஆஸ்பத்திரி, மருந்து எல்லாம் ஒரே பிளானுக்குள், ஒரே அட்டையில் வந்துவிடும்.

இந்த வித்தியாசம் தெரியாமல் கை வைத்தால் பெரிய சிக்கல். எச்எம்ஓ அல்லது பிபிஓ (குறிப்பிட்ட டாக்டர்கள், ஆஸ்பத்திரிகளோடு ஒப்பந்தம் போட்டு நடத்தும் வகைகள்) என்கிற அட்வான்டேஜ் பிளானில் இருப்பவர், மருந்துக்கு மட்டும் நல்லதாக ஒன்று கிடைக்கிறதே என்று தனி பார்ட் டி பிளானில் சேர்ந்தால், அட்வான்டேஜ் பிளானிலிருந்து தானாகவே வெளியே எடுத்து ஒரிஜினல் மெடிகேரில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். டாக்டரிடம் போய் அட்டையை நீட்டும்போதுதான் பலருக்கு அது தெரியவே வரும். அதேபோல இந்த வகைப் பிளானில் "மருந்து மட்டும் வேண்டாம், மற்றது இருக்கட்டும்" என்று பிரித்து நிறுத்தவும் முடியாது. மருந்து சேராத வேறு அட்வான்டேஜ் பிளானுக்கு மாறினால்தான் உண்டு.

இன்னொன்று: அப்பாவுக்கு ஒரு பிளான், அம்மாவுக்கு ஒரு பிளான். மெடிகேரில் குடும்பக் காப்பீடு என்பதே கிடையாது. ஒருவருக்குச் சரியான முடிவு இன்னொருவருக்குச் சரியாக இருக்க வேண்டும் என்று இல்லை, தனித்தனியாகவே யோசியுங்கள்.

அடுத்தது, ஏன் நிறுத்த நினைக்கிறீர்கள்?

காரணத்தை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நான் கேட்டவரை நாலைந்து காரணங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன, ஒவ்வொன்றுக்கும் வழி வேறு.

"மருந்தே சாப்பிடவில்லை" என்றால் மலிவான பிளானுக்கு மாறுங்கள், கீழே சொல்கிறேன். "பிரீமியம் ஏறிவிட்டது" என்றாலும் அதேதான். "காசு கட்ட முடியவில்லை" என்றால் எக்ஸ்ட்ரா ஹெல்ப் என்கிற அரசு உதவிக்கு விண்ணப்பிக்க வேண்டும். "வேறு காப்பீடு இருக்கிறது" என்றால் அது பார்ட் டி-க்கு ஈடானதா, அதாவது கிரெடிட்டபிள் கவரேஜா என்று பார்த்தாக வேண்டும். "ஊருக்கே திரும்பிப் போகிறோம்" என்றால் அது தனிக் கதை.

வருமானம் கொஞ்சம் அதிகமாக இருப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பிளானுக்குக் கட்டும் பிரீமியம் போக, ஐர்மா என்று ஒரு கூடுதல் கட்டணத்தை அரசு தனியாக வசூலிக்கும். 2026-ல் தனி நபருக்கு 1,09,000 டாலர், சேர்ந்து வரி தாக்கல் செய்யும் தம்பதிக்கு 2,18,000 டாலர் தாண்டினால் இது வரும். பார்ட் டி-க்கு மட்டும் மாதம் 14.50 டாலரில் தொடங்கி 91 டாலர் வரை போகும். இரண்டு வருடத்துக்கு முந்தைய வரிக் கணக்கைப் பார்த்துத்தான் போடுவார்கள். அதனால் போன வருடம் ரிட்டயர் ஆனவருக்கு, வேலை பார்த்த காலத்து வருமானத்தை வைத்து பில் வரும். இதைப் பார்த்து எரிச்சலில் பார்ட் டி-யை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். நிறுத்த வேண்டாம். எஸ்எஸ்ஏ-44 என்ற படிவத்தைச் சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதிய) அலுவலகத்துக்கு அனுப்பி, ரிட்டயர் ஆகிவிட்டேன், வருமானம் குறைந்துவிட்டது என்று சொன்னால் திருத்திக் கொடுப்பார்கள்.

கிரெடிட்டபிள் கவரேஜ்: முடிவைத் தீர்மானிப்பது இதுதான்

பார்ட் டி கொடுப்பதற்கு ஈடாக, அல்லது அதைவிட அதிகமாகக் கொடுக்கும் என்று கணக்கிடப்பட்ட வேறு மருந்துக் காப்பீட்டுக்குத்தான் கிரெடிட்டபிள் கவரேஜ் என்று பெயர். முன்னாள் ராணுவத்தினருக்கான அரசுத் துறையான வெட்டரன்ஸ் அஃபேர்ஸ் தரும் மருந்து வசதி, ராணுவத்தினருக்கான டிரைகேர், மத்திய அரசு ஊழியர்களுக்கான எஃப்இஎச்பி ஆகியவை இதில் சேரும். வேலை பார்க்கும் கம்பெனி அல்லது ரிட்டயர் ஆன கம்பெனி தரும் காப்பீடு பல நேரம் சேரும், சில நேரம் சேராது. நீங்களாக ஊகிக்க வேண்டாம். மெடிகேர் வயதில் இருப்பவர்களுக்கு, உங்கள் மருந்துக் காப்பீடு கிரெடிட்டபிளா இல்லையா என்று அதைத் தருகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் அக்டோபர் 15-க்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அந்தக் கடிதம் வரவில்லையென்றால் கம்பெனியின் எச்ஆர்-இடம் கேட்டு வாங்குங்கள். குப்பைத் தபால் என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பத்து வருடம் கழித்தும் அது தேவைப்படலாம்.

எவையெல்லாம் சேராது என்பதுதான் நம் ஆட்களுக்கு முக்கியம். மருந்துக்கடையில் காட்டும் தள்ளுபடி அட்டைகள், ஆப்கள், வால்மார்ட்டில் 4 டாலருக்குக் கிடைக்கும் ஜெனரிக் மருந்துகள், சென்னையில் வாங்கி வரும் மாத்திரை, இந்தியாவில் எடுத்து வைத்திருக்கும் மெடிக்கல் பாலிசி, இவற்றில் எதுவும் கிரெடிட்டபிள் கவரேஜ் ஆகாது. மருந்து கையில் இருக்கிறது, காப்பீடு இல்லை என்றுதான் மெடிகேர் எடுத்துக்கொள்ளும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். தள்ளுபடி அட்டையில் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகப் பார்ட் டி-யை நிறுத்தவே தேவையில்லை. பிளானை வைத்துக்கொண்டே, எந்த மருந்துக்கு அட்டை விலை குறைவோ அந்த மருந்தை மட்டும் காப்பீட்டில் போடாமல் அட்டையில் வாங்கலாம், கடைக்காரரிடம் சொன்னால் போதும். அப்படிக் கொடுத்த பணம் பிளானின் வருடாந்தர உச்சவரம்புக் கணக்கில் சேராது, அது மட்டும்தான் குறை.

கம்பெனியின் ரிட்டயர்மென்ட் காப்பீடு வைத்திருப்பவர்களுக்கு எதிர்ப்பக்கத்திலும் ஒரு ஆபத்து இருக்கிறது. சில கம்பெனிகளில், நீங்கள் வெளியே ஒரு பார்ட் டி பிளானில் சேர்ந்த உடனே கம்பெனிக் காப்பீடு மொத்தமும் போய்விடும், துணைவருக்கும் சேர்த்து, திரும்பக் கிடைக்காமலும் போகலாம். அதனால் எதில் சேர்வதற்கும் எதை விடுவதற்கும் முன்னால் அங்கே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

காப்பீடு இல்லாமல் இருந்தால் என்ன ஆகும்?

பெனால்டி வரும் என்று எல்லோருக்கும் ஓரளவு தெரியும். எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு.

மெடிகேருக்குத் தகுதி வந்து முதல் சேர்க்கைக் காலம் முடிந்த பிறகு, கிரெடிட்டபிள் கவரேஜ் எதுவும் இல்லாமல் தொடர்ந்து 63 நாளோ அதற்கு மேலோ இருந்துவிட்டால், காப்பீடு இல்லாத ஒவ்வொரு முழு மாதத்துக்கும் தேசிய அடிப்படை பிரீமியத்தில் 1 சதவீதம் பெனால்டி. அந்த அடிப்படை பிரீமியம் 2026-ல் 38.99 டாலர். 3 வருடம் நிறுத்தி வைத்திருந்தவர் திரும்பச் சேர்ந்தால் 36 சதவீதம், அதாவது மாதம் சுமார் 14 டாலர். 7 வருடம் என்றால் 84 சதவீதம், மாதம் 32.80 டாலர். இதைப் பிளானின் பிரீமியத்துக்கு மேலே, பார்ட் டி வைத்திருக்கும் காலம் முழுக்க, ஆயுள் முழுக்கக் கட்ட வேண்டும். அடிப்படை பிரீமியம் ஏற ஏறப் பெனால்டியும் ஏறும். பிரீமியமே இல்லாத பிளானில் சேர்ந்தாலும் பெனால்டி மட்டும் வந்துகொண்டிருக்கும்.

ஆனால் என்னைக் கேட்டால், பெனால்டியைவிடப் பயப்பட வேண்டியது காத்திருப்பு. நிறுத்திவிட்டு, பிப்ரவரியில் ஒரு பெரிய வியாதி என்று தெரிந்தால் மார்ச்சில் போய்ச் சேர முடியாது. விசேஷக் காரணம் எதுவும் இல்லையென்றால் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரைதான் சேர்க்கை. காப்பீடு தொடங்குவது அடுத்த ஜனவரி 1. நடுவில் இருக்கும் அந்தப் பத்து மாதத்து மருந்துக்கும் முழு விலையை நாமே கொடுக்க வேண்டும்.

முழு விலை என்றால் எவ்வளவு? எலிக்விஸ் ஒரு மாத மருந்தின் பட்டியல் விலை 2023-ல் 521 டாலர். சர்க்கரைக்கு இப்போது நிறையப் பேருக்கு எழுதும் ஜார்டியன்ஸ் 573, ஜனுவியா 527. ரத்தப் புற்றுநோய் வகைகளுக்குக் கொடுக்கும் இம்புருவிகா 14,934 டாலர், ஒரே ஒரு மாதத்துக்கு. இந்த மருந்துகளுக்கெல்லாம் மெடிகேர் பேரம் பேசி விலையைக் குறைத்து, அது 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது: எலிக்விஸ் 231, ஜார்டியன்ஸ் 197, ஜனுவியா 113, இம்புருவிகா 9,319. மெடிகேரின் மருந்துக் காப்பீட்டில் இருப்பவர்களுக்குத்தான் இந்த விலை உறுதி.

அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று 2022-ல் வந்த சட்டத்தால் நடந்தது. பார்ட் டி 2006-ல் தொடங்கியபோது நடுவில் ஒரு பள்ளம் இருந்தது, ஒரு அளவுக்கு மேல் செலவானால் முழுப் பணமும் நம் தலையில் விழும். அதற்குப் பிறகும் உச்சவரம்பு என்று எதுவும் இல்லை. இப்போது உண்டு. 2025-ல் 2,000 டாலர், 2026-ல் 2,100 டாலர். பிளானின் மருந்துப் பட்டியலில் இருக்கும் மருந்துகளுக்கு ஒரு வருடத்தில் நம் கையிலிருந்து போவது அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு காசு கொடுக்க வேண்டாம். அந்தத் தொகையையும் ஜனவரியிலேயே மொத்தமாகக் கொடுக்காமல் மாதத் தவணையாகப் பிரித்துக் கட்டலாம், பிளானிடம் கேட்டால் செய்து தருவார்கள். இன்சுலின் மாதத்துக்கு 35 டாலருக்கு மேல் போகாது. அக்கி அம்மைத் தடுப்பூசி மாதிரி பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட ஊசிகள் பார்ட் டி-யில் இலவசம். சில வருடங்களுக்கு முன் "பார்ட் டி-யால் பெரிய பிரயோஜனம் இல்லை" என்று யாராவது சொல்லியிருந்தால், அது பழைய பார்ட் டி-யைப் பற்றிய பேச்சு.

நிறுத்துவதற்குப் பதிலாக: இருப்பதிலேயே மலிவானது

மருந்து அதிகம் சாப்பிடாதவர்களுக்கு நான் சொல்லும் வழி இதுதான், எங்கள் வீட்டில் செய்ததும் இதுதான். மெடிகேரின் சொந்த இணையதளத்தில் பிளான்களை ஒப்பிடும் பக்கம் இருக்கிறது. உங்கள் ஜிப் கோடு, சாப்பிடும் மருந்துகளின் பெயர், மில்லிகிராம், மாதத்துக்கு எத்தனை, வழக்கமாக வாங்கும் கடை, இவ்வளவையும் கொடுத்தால் உங்கள் ஊரில் இருக்கும் பிளான்களை வருடத்துக்கு ஆகும் மொத்தச் செலவின் வரிசையில் காட்டும். பல இடங்களில் பிரீமியமே இல்லாத, அல்லது மாதம் சில டாலர் மட்டும் கேட்கும் தனி பார்ட் டி பிளான் ஒன்றாவது இருக்கும். அதில் சேர்ந்துவிட்டால் பெனால்டிக் கணக்கு ஓடாது, 2,100 டாலர் உச்சவரம்பும் உங்களுக்கு உண்டு.

பிரீமியம் குறைவான பிளானில் டிடக்டிபிள், அதாவது பிளான் பணம் கொடுக்கத் தொடங்கும் முன் நாமே கொடுக்க வேண்டிய தொகை, பெரும்பாலும் அதிகமாக இருக்கும். 2026-ல் அது 615 டாலர் வரை போகலாம். சாதாரண ஜெனரிக் மாத்திரைகளுக்குப் பல பிளான்கள் டிடக்டிபிள் கேட்பதில்லை, அதனால் அப்பா மாதிரி ஆட்களுக்கு அது உறுத்தவே இல்லை. விலை உயர்ந்த மருந்து சாப்பிடுகிறவர்கள் பிரீமியத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் மொத்தச் செலவைப் பாருங்கள். அந்தந்தக் கடைக்கு விலை மாறும் என்பதால் இரண்டு மூன்று கடைகளைப் போட்டுப் பாருங்கள், வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்கும் இரண்டு மைல் தள்ளி இருக்கும் கடைக்கும் நடுவில் வருடத்துக்கு நூறு டாலர்கூட வித்தியாசம் வரலாம்.

இதை ஒரு முறை செய்துவிட்டு விட்டுவிட முடியாது. ஒவ்வொரு செப்டம்பர் கடைசியிலும், அடுத்த வருடம் என்னென்ன மாறுகிறது என்று பிளானிலிருந்து ஒரு அறிக்கை வரும். போன வருடம் பிரீமியம் இல்லாத பிளான் இந்த வருடம் கேட்கலாம், பட்டியலில் இருந்த மருந்து காணாமல் போகலாம். அந்தத் தபாலைப் பிரித்துப் படிப்பது பிள்ளைகளின் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காசு கட்ட முடியாதவர்களுக்கு

எக்ஸ்ட்ரா ஹெல்ப் என்பது சோஷியல் செக்யூரிட்டி வழியாக விண்ணப்பிக்கும் உதவி. 2025 கணக்குப்படி தனி நபரின் வருட வருமானம் 23,475 டாலருக்குக் கீழே, தம்பதிக்கு 31,725-க்குக் கீழே இருந்து, சேமிப்பு தனி நபருக்கு 17,600, தம்பதிக்கு 35,130 டாலருக்குள் இருந்தால் கிடைக்கும். இந்த வரம்புகள் வருடா வருடம் கொஞ்சம் ஏறும். குடியிருக்கும் வீட்டையும் காரையும் சேமிப்பில் சேர்ப்பதில்லை. ஊரில் இருக்கும் வைப்புத்தொகையை மறைக்காமல் எழுதுங்கள், கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் படிவம் அது. கிடைத்துவிட்டால் டிடக்டிபிள் இல்லை, ஒரு மருந்துக்குச் சில டாலர்தான், பெனால்டி இருந்தால் அதுவும் போய்விடும்.

நம் ஆட்கள் நிறைய இருக்கும் நியூ ஜெர்சியில் பாட் என்று சொல்லும் மாநிலத் திட்டம் இருக்கிறது, ஜெனரிக்குக்கு 5 டாலர், பிராண்டுக்கு 7 டாலர். நியூ யார்க்கில் எபிக், பென்சில்வேனியாவில் பேஸ். பாட், எபிக் இரண்டும் வேண்டுமென்றால் பார்ட் டி-யில் இருந்தாக வேண்டும். அதை நிறுத்திவிட்டு இதைக் கேட்க முடியாது. மெடிகெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) வைத்திருப்பவர்களுக்கு இன்னும் எச்சரிக்கை தேவை, பார்ட் டி வேண்டாம் என்று சொன்னால் மெடிகெய்டுக்கே ஆபத்து வரலாம்.

சரி, நிறுத்தத்தான் வேண்டும். எப்போது?

காரணம் எதுவும் சொல்லாமல் நிறுத்த அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை. டிசம்பர் 31-ஆம் தேதியோடு காப்பீடு முடியும். நடுவில் மனம் மாறினால் மாற்றிக்கொள்ளலாம், டிசம்பர் 7-க்குள் கடைசியாகச் சொன்னது எதுவோ அதுதான் செல்லும். அட்வான்டேஜ் பிளானில் இருப்பவர்களுக்கு மட்டும் ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை ஒரு முறை மாறும் வாய்ப்பு இன்னொன்று உண்டு.

வருட நடுவில் நிறுத்த ஒரு காரணம் வேண்டும். கம்பெனிக் காப்பீட்டில் சேர்வது, வெட்டரன்ஸ் அஃபேர்ஸ் அல்லது டிரைகேர் மாதிரி கிரெடிட்டபிள் கவரேஜ் கிடைப்பது, பிளான் இல்லாத ஊருக்குக் குடிபோவது, எக்ஸ்ட்ரா ஹெல்ப் கிடைப்பது, இவையெல்லாம் காரணங்கள். அப்போது நீங்கள் சொன்ன மாதக் கடைசியோடு பொதுவாக முடியும்.

எப்படி?

வேறு பார்ட் டி பிளானுக்கு மாறுகிறவர்கள் பழையதை நிறுத்தவே கூடாது. புதியதில் சேர்ந்தால் போதும், பழையது தானாக விழுந்துவிடும். பழையதை முதலில் நிறுத்திவிட்டுப் புதியதில் சேர நாளைத் தள்ளிப்போட்டு, டிசம்பர் 7 தாண்டிவிட்டால் ஒரு வருடம் போச்சு.

முழுதாக நிறுத்துகிறவர்கள், புதிய காப்பீடு எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது என்று எழுத்தில் வாங்கிய பிறகுதான் இதைத் தொட வேண்டும். தேதிகள் ஒன்றையொன்று தொட வேண்டும், நடுவில் ஒரு நாள்கூட இடைவெளி வேண்டாம்.

மூன்று வழிகள் இருக்கின்றன. 1-800-633-4227 என்ற மெடிகேர் எண்ணைக் கூப்பிடலாம், சில அரசு விடுமுறை நாட்கள் தவிர இரவு பகல் எப்போதும் ஆள் இருப்பார்கள். பிளானை நேரடியாகக் கூப்பிட்டோ அவர்கள் இணையதளத்திலோ கேட்கலாம். அல்லது பிளானுக்கு ஒரு கடிதம் எழுதலாம்: பெயர், மெடிகேர் எண், பிளான் உறுப்பினர் எண், எந்தத் தேதியிலிருந்து நிறுத்த வேண்டும், என்ன காரணம், கையெழுத்து, தேதி. கடிதம்தான் எனக்குப் பிடித்த வழி, ஒரு நகல் கையில் இருக்கும், ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பினால் போய்ச் சேர்ந்ததற்கும் ஆதாரம் இருக்கும்.

போனில் பேசுவதானால், அம்மா அப்பாவுக்குப் பதில் பிள்ளைகள் பேசினால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்து, பெயர், பிறந்த தேதி, "என் மகள் பேசுவாள்" என்று அவர்கள் வாயால் சொல்ல வைக்க வேண்டும். ஆங்கிலம் தயக்கம் என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம், அதற்குக் கட்டணம் இல்லை. பேசியவர் பெயர், தேதி, அவர்கள் தரும் எண், எல்லாவற்றையும் எழுதி வையுங்கள்.

பிரீமியம் கட்டாமல் விட்டால் தானாக நின்றுவிடும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. நிற்கும்தான், குறைந்தது இரண்டு மாத அவகாசம் கொடுத்துவிட்டு எடுத்துவிடுவார்கள். பாக்கி அப்படியே இருக்கும், திரும்பச் சேர அடுத்த அக்டோபர் வரை காத்திருக்க வேண்டும், பெனால்டிக் கடிகாரமும் ஓடத் தொடங்கிவிடும். இந்த வழி வேண்டவே வேண்டாம்.

அதேபோல, நீங்கள் கூப்பிடாமல் யாரோ போன் செய்து "உங்கள் பிளானை மாற்றித் தருகிறேன், மெடிகேர் எண்ணைச் சொல்லுங்கள்" என்றால் வைத்துவிடுங்கள். முன்பின் தெரியாதவர்களை அப்படிக் கூப்பிட்டு விற்க மெடிகேர் பிளான்களுக்கு அனுமதியே இல்லை. பக்கச்சார்பில்லாத ஆலோசனை வேண்டுமென்றால் ஒவ்வொரு மாநிலத்திலும் ஷிப் என்ற இலவசச் சேவை இருக்கிறது. கலிபோர்னியாவிலும் டெக்சாஸிலும் அதை ஹைகாப் என்பார்கள். அவர்கள் எதையும் விற்பதில்லை, உட்கார வைத்து மருந்துப் பட்டியலைப் பார்த்துச் சொல்வார்கள்.

ஊருக்குப் போய் வருகிறவர்கள்

ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் சென்னையில் என்று இருப்பவர்கள் நம்மில் நிறைய. தனி பார்ட் டி பிளானில் இருந்தால், தற்காலிகமாக 12 மாதம் வரை வெளியே இருந்தாலும் பிளான் போகாது. அட்வான்டேஜ் பிளானில் பொதுவாக 6 மாதம்தான், அதைத் தாண்டித் தொடர்ந்து வெளியே இருந்தால் நீக்கிவிடுவார்கள். இந்தியாவில் வாங்கும் மருந்துக்குப் பார்ட் டி ஒரு காசும் தராது என்பதால், கிளம்பும் முன் 90 நாள் மருந்தாக வாங்கிக்கொள்ளுங்கள். நேரம் ஆகவில்லை என்று கடையில் சொன்னால், பயணத்துக்காக முன்கூட்டியே வேண்டும் என்று பிளானிடம் விதிவிலக்கு கேட்கலாம்.

நிரந்தரமாகவே திரும்புகிறவர்களுக்குப் பார்ட் டி வைத்திருக்கவே முடியாது, அமெரிக்காவுக்குள் குடியிருந்தால்தான் அது. அதனால் வெளிநாட்டில் வாழ்ந்த மாதங்களுக்குப் பெனால்டி கிடையாது, திரும்பி வந்தால் வந்த மாதத்துக்குப் பிறகு இரண்டு மாதத்துக்குள் சேர வேண்டும். விமான டிக்கெட், பாஸ்போர்ட் முத்திரை, ஊர் முகவரிக்கான ஆதாரம் இவற்றைப் பத்திரமாக வையுங்கள். ஆனால் பார்ட் பி வேறு. அதை விட்டால், விட்ட ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும் 10 சதவீதம் பெனால்டி, அதற்கு இந்தச் சலுகை பொருந்தாது. இரண்டையும் ஒரே போனில், ஒரே மூச்சில் நிறுத்திவிடாதீர்கள்.

நிறுத்திய பிறகு

உறுதிக் கடிதம் வரும்வரை பழைய அட்டையைத் தூக்கிப் போட வேண்டாம். வங்கியிலிருந்து தானாகப் போகும் பணத்தை நிறுத்தினீர்களா என்று பாருங்கள். சோஷியல் செக்யூரிட்டிப் பணத்திலிருந்து பிடித்தம் என்றால் அது நிற்க இரண்டு மூன்று மாதம் ஆகலாம், அதிகமாகப் பிடித்தது திரும்பி வரும். மருந்துக்கடையில் புதிய காப்பீட்டைக் கொடுத்துப் பழையதை எடுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் அவர்கள் பழையதிலேயே போட்டுப் பார்த்துவிட்டு மருந்து இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள்.

புதிய காப்பீடு எப்போதாவது போய்விட்டால், கம்பெனி நிறுத்திவிட்டாலோ துணைவர் வேலையை விட்டாலோ, அன்றிலிருந்து இரண்டு மாதத்துக்குள் பார்ட் டி-யில் திரும்பச் சேர்ந்துவிடுங்கள். அப்போது புதிய பிளான், நடுவில் என்ன காப்பீடு இருந்தது என்று கேட்டு ஒரு படிவம் அனுப்பும். அதை 30 நாளுக்குள் நிரப்பி அனுப்பாவிட்டால் காப்பீடு இல்லாமல் இருந்ததாக எடுத்துக்கொண்டு பெனால்டி போட்டுவிடுவார்கள். தவறாகப் போட்டுவிட்டால், கடிதத் தேதியிலிருந்து 60 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். அந்த நேரத்தில் கை கொடுப்பது, வருடா வருடம் அக்டோபரில் வந்த அந்தக் கிரெடிட்டபிள் கவரேஜ் கடிதங்கள்தான். எங்கள் வீட்டில் அம்மா கம்பெனிக் காப்பீட்டில் இருந்த வருடங்களின் கடிதங்கள், கிரீன் கார்டு நகல் இருக்கும் அதே நீலக் கோப்பில், வருட வாரியாக இருக்கின்றன.